சத்தம் அடங்கியதும் பெயர் கூப்பிட்டவர்

மாமா,

உங்கள் டிரங்குப் பெட்டியை இன்று காலை பரணிலிருந்து இறக்கினோம். தீபாவளிக்கு முன்னால் வீட்டை ஒட்டடை அடித்தே தீர வேண்டும் என்று உங்கள் பேத்தி தீபா ஒற்றைக் காலில் நின்றாள். எனக்கு இருந்த ஒரு நாள் லீவும் அதில் போனது. பூட்டைத் திறந்து மூடியைத் தூக்கியதும் வெடிமருந்து வாசனை குப்பென்று வந்தது. உங்கள் கம்பளிக்கும் பழைய பெல்ட்டுக்கும் மேலே, நான் வைத்த இடத்திலேயே அந்த அட்டைப் பெட்டி இருந்தது. பத்தாயிரம் வாலா சரம். உங்கள் கடைசி ஊர்வலத்துக்காக வாங்கி, பிரிக்காமல் திரும்பி வந்தது. கடல் காற்றில் அட்டை நமுத்துப் போயிருந்தது.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையெல்லாம் வரவில்லை. கால் வலித்தது. துணி கம்பெனியில் செக்கிங் வேலை, நாள் முழுக்க நின்றபடியே பார்க்க வேண்டும், உங்களுக்குத் தெரியாததா. சாயங்காலம் நான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்தைக் கேட்டே, "கலா, மொதல்ல கொஞ்சம் உக்காரும்மா" என்பீர்கள். இப்போது அப்படிச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அதனால் நானே எனக்குச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன்.

போன வருடம் துக்க வருடம். வீட்டில் பலகாரம் சுடவில்லை, புதுத்துணி எடுக்கவில்லை. தெருவில் மட்டும் வழக்கம்போல வெடித்தார்கள். ஒவ்வொரு பெரிய சத்தத்துக்குப் பிறகும் நானும் உங்கள் மகனும் தீபாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் யார் பெயரையும் கூப்பிடவில்லை. டிவி ஓடிக்கொண்டிருந்தது. அன்று சாப்பாடு எவருக்கும் இறங்கவில்லை.

பெட்டியை நான் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எதிர்வீட்டு டில்லி எட்டிப் பார்த்தான். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறானே, அவன்தான். இப்போது அவனுக்கே கல்யாணமாகிவிட்டது.

"அக்கா, அந்தச் சரம் இன்னும் கீதா? வெயில்ல ரெண்டு நாள் காயப் போட்டா வெடிச்சிரும்க்கா. குடு."

"அப்புறம் சொல்றேன், போ."

"தாத்தாக்கு வாங்குனதுக்கா அது."

"அதான் தெரியுமே. போடா."

அவன் போய்விட்டான். எனக்குத்தான் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் இருந்திருந்தால் கேட்டிருப்பேன், இல்லாததால் எழுத வேண்டியிருக்கிறது.

நீங்கள் பட்டாளத்துக்குப் போன கதை இந்தக் குப்பத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். மீன் பிடிக்கிற வீட்டுப் பிள்ளை, அலையைப் பார்த்தே காற்றைச் சொல்கிறவன், ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் வரிசையில் நின்றீர்கள். "கடல் தெரிஞ்சவன், கப்பல்ல போடுவான்னு நென்ச்சிகினு போனேன். இஸ்துகினு போயி மலையில போட்டுட்டான். கண்ணுக்கெட்டுன தூரம் ஒரு சொட்டு உப்புத் தண்ணி கெடையாது." இதைச் சொல்லிவிட்டு நீங்களே முதலில் சிரிப்பீர்கள். பனியில் நின்றுகொண்டு சங்கரா மீன் குழம்பை நினைத்து அழுதது, கோவேறு கழுதைக்கு உங்கள் அம்மா பெயரை வைத்து அவரிடமே லீவில் வந்து சொல்லித் துடைப்பத்தால் அடி வாங்கியது, இந்தி தெரியாமல் ஒரு மாதம் எல்லாவற்றுக்கும் "ஹாங்ஜி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தது, எல்லாம் சொல்வீர்கள். சண்டை நடந்ததைப் பற்றி மட்டும் சொன்னதில்லை. தெருப் பிள்ளைகள் கேட்டால், "சண்டையா? அது பக்கத்து மலையில நடந்துது, எனுக்கு ரொட்டி சுடத்தான் டைம் இருந்துது" என்பீர்கள். நானும் வெகுகாலம் அதை நம்பியிருந்தேன்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது மீன் ஆயத் தெரியாதவள். எம்.கே.பி. நகர் ஹவுசிங் போர்டு வீட்டில் வளர்ந்தவளுக்கு மீன் என்றால் சந்தையில் வாங்கி வெட்டித் தரச் சொல்வதுதான். நானும் உங்கள் மகனும் வீட்டுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றோம். எங்கள் வீட்டில் தலை முழுகிவிட்டார்கள். இங்கேயும் செல்வி அண்ணி என்னோடு பேசவில்லை. தம்பிக்குத் தன் கையால் பெண் பார்க்க வேண்டும் என்று இருந்தவர், கோபம் நியாயம்தான். அத்தை எனக்குச் சோறு போட்டார், பேசுவதை மட்டும் அளந்து பேசினார். நீங்கள் அப்போது மணலியில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலை பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஷிப்ட் முடிந்து வந்து சட்டையை மாட்டிவிட்டு, "சாப்ட்டியாம்மா?" என்று கேட்பதோடு சரி.

தலை தீபாவளிக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைப்பார்கள். என்னை அழைக்க யாரும் வரவில்லை. புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு அடுப்படி ஓரம் நின்றிருந்தேன். அண்ணியும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். நீங்கள் வாசலில் பிளாஸ்டிக் சேரைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். யாரோ வாசலுக்கு எதிரிலேயே ஒரு அணுகுண்டு வெடியை வைத்தான். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது. சத்தம் அடங்கியதும் நீங்கள் கூப்பிட ஆரம்பித்தீர்கள்.

"சரோஜா."

"கீறேன்" என்றார் அத்தை, கரண்டியைக் கீழே வைக்காமலே.

"செல்வீ."

"கீறேன் நைனா."

"குமாரு."

"கீறேம்ப்பா."

எல்லாரும் எதற்கு இருக்கேன், இருக்கேன் என்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. இது என்ன வழக்கம், பூஜையா, விளையாட்டா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நொடி இடைவெளி விட்டீர்கள்.

"கலா."

அண்ணி சட்டென்று திரும்பி உங்களைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் மறுபடியும் கூப்பிட்டீர்கள், இந்த முறை கொஞ்சம் அவசரமாக. "கலா!"

"சொல்லேன்" என்று உங்கள் மகன் என் முழங்கையை இடித்தார்.

"இருக்கேன் மாமா" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் தெருவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டீர்கள். அன்றைக்குத்தான் நான் இந்த வீட்டுக்கு வந்தேன் என்று நினைத்துக்கொள்கிறேன். தாலி கட்டியதோ, ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டதோ எனக்கு அவ்வளவு ஞாபகம் இல்லை. கூப்பிட்டும் பதில் சொல்லாமல் நின்ற அந்த நொடியில் உங்கள் முகத்தில் என்ன ஓடியிருக்கும் என்பது எனக்குத் தெரிய இன்னும் எத்தனையோ வருடம் ஆனது.

தெருவுக்கு அது பெரிய வேடிக்கை. "மிலிட்டரி அட்டெண்டன்ஸ் எடுக்குதுடோய்" என்று கத்துவார்கள். பிள்ளைகள் தங்கள் பெயரையும் கூப்பிடச் சொல்லி உங்கள் சேரைச் சுற்றிக்கொண்டு நிற்பார்கள். வெடியை வைப்பது, காதைப் பொத்திக்கொண்டு ஓடுவது, வெடித்ததும் உங்கள் முகத்தையே பார்ப்பது. "டில்லி", "கீறேன் தாத்தா!" "ரெஜினா", "கீறேன் தாத்தா!" ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தப் பிள்ளை அழும். நீங்களே ஒவ்வொரு வருடமும் அவர்களுக்கு மத்தாப்பும் சரமும் வாங்கித் தந்தீர்கள். ஊரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது: மிலிட்டரித் தாத்தாவுக்கு வெடி என்றால் உயிர். சேரின் கைப்பிடியை உங்கள் விரல்கள் எப்படிப் பிடித்திருந்தன என்று யாரும் பார்க்கவில்லை. நானே பார்த்ததில்லை.

கம்பெனி கேட்டில் ஒருமுறை கன்டெய்னர் லாரியின் டயர் வெடித்ததாம். நீங்கள் சேரிலிருந்து எழுந்து ஷிப்ட் ஆட்களின் பெயரை எல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டீர்களாம். கேன்டீன் வரைக்கும் சிரித்தார்களாம். இதை உங்கள் மகனிடம் யாரோ சொல்லி, அவர் வந்து எங்களிடம் சொல்லி, நாமெல்லாரும் சிரித்தோம். நீங்களும் சிரித்தீர்கள். "பயக்க தோஷம்" என்றீர்கள்.

அத்தை போனார். அந்த வருடத் தீபாவளிக்கு, பழக்கத்தில், "சரோஜா" என்று கூப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டீர்கள். அன்றைக்கு மற்ற பெயர்களைக் கூப்பிடவில்லை, எழுந்து உள்ளே போய்ப் படுத்துவிட்டீர்கள். அதற்கப்புறம் உங்கள் மூச்சு கெட ஆரம்பித்தது. மணலிப் புகை என்றார் ஒரு டாக்டர், வயசு என்றார் இன்னொருவர், பீடி என்றேன் நான். வேலைக்குப் போகும் முன் உங்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, வந்த பிறகு துணி அலசி. சில நாள் எரிந்து விழுந்திருக்கிறேன். நீங்கள் கையைத் தூக்கிக் காட்டுவீர்கள், சட்டையை மாட்டிவிட வசதியாக. மனது கஷ்டமாகிவிடும். ஆனாலும் மறுநாளும் அதே அலுப்பு, அதே எரிச்சல். ஒரு மனிதரைப் பிடித்திருப்பதும் அவரைத் தூக்கி உட்கார வைத்து உட்கார வைத்து இடுப்பு விட்டுப்போவதும் ஒரே வீட்டில்தான் நடக்கிறது, மாமா.

பெரியாஸ்பத்திரி வார்டில் அந்த மத்தியானம் நான் மட்டும்தான் உங்களோடு இருந்தேன். வராண்டாவில் ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனவர் கைதவறி விட்டுவிட்டார். கட்டிடமே அதிர்ந்தது. நீங்கள் ஆக்சிஜன் குழாயை முகத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தீர்கள். "செல்வீ. குமாரு. தீபா." அவர்கள் யாரும் அங்கே இல்லை. நான் ஒவ்வொரு பெயருக்கும், "வூட்ல கீறாங்க மாமா, நல்லாத்தான் கீறாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் "கலா" என்றீர்கள். "கீறேன் மாமா" என்றேன். நீங்கள் சாய்ந்து படுத்துக்கொண்டு வெகுநேரம் மூச்சு வாங்கினீர்கள். பிறகு, நான் கேட்காமலே சொன்னீர்கள்.

"சத்தம் கேக்குறப்ப ஒண்ணும் தெரியாதும்மா. அடங்குனப்புறம்தான் பேஜாரு. ஒரே தூசி. யாரு கீறான், யாரு இல்லன்னு தெரியாது. மலையில எனுக்குக் கீய கொஞ்சம் பேரு. நான்தான் பேரு கூப்டணும். கூப்டக் கூப்ட ஒவ்வொருத்தனா கொரல் குடுப்பான். அன்னிக்கு ஒருத்தன் குடுக்கல. தூரத்துல இல்ல, கை எட்டுற தூரம். ரெண்டு வாட்டி கூப்டேன். மூணாவது வாட்டி கூப்ட வாய் வரல."

நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அதுலேர்ந்து எங்கனா டமால்னா எல்லார் பேரையும் கூப்ட்டாவணும். இல்லன்னா எனுக்கு மூச்சு எறங்காது."

"யாருக்கும் சொல்லலியே மாமா நீங்க. வெளாட்டுன்னு இல்ல நெனச்சோம்."

"வெளாட்டாவே இருக்கட்டும்னு உட்டேன். புள்ளைங்க சிரிச்சிகினு கீறேன்னு சொல்றது நல்லா இருந்துது."

கொஞ்ச நேரம் கழித்து, "கலா, என்னைத் தூக்குறப்ப வெடி வேணாம்மா" என்றீர்கள். "நம்ப பசங்க ரோடு பூரா வெடிப்பானுங்க. வெடிச்சா நான் பேரு கூப்டணும். படுத்துகினு கீறவன் எப்டி கூப்டுவேன்?" சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். இருமல் வந்துவிட்டது.

"உங்க பேரை யாரு மாமா கூப்பிடுவாங்க?" என்று நான் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"என்னை எவன் கூப்டுவான்? கூப்டுற கொரல் வருதில்ல, அப்ப அவன் கீறான்னுதானே அர்த்தம்."

நீங்கள் போனது ஒரு காலை நேரம், வீட்டில், எல்லாரும் இருக்கும்போது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

மத்தியானத்துக்குள் பந்தல் போட்டு, ஐஸ் பெட்டி வந்து, மேளம் வந்துவிட்டது. டில்லியும் பசங்களும் பேனர் அடித்து தெருமுனையில் கட்டிவிட்டார்கள். பட்டாளத்து உடுப்பில் நீங்கள், உங்கள் தலைக்குப் பின்னால் இரண்டு போர் விமானம், ஒரு பீரங்கி வண்டி. விமானத்தைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை என்று சொன்ன மனிதருக்கு இப்படி ஒரு பேனர். பார்த்திருந்தால் சிரித்து உருண்டிருப்பீர்கள். மணலி புதுநகரிலிருந்து அண்ணியும் மாப்பிள்ளையும் வந்தார்கள். பெண் வீட்டு மரியாதை என்று ஆளுயர மாலை, கோடித்துணி, அதோடு அந்தப் பத்தாயிரம் வாலா சரம். பசங்களும் தங்கள் பங்குக்கு ஒரு பை நிறைய அணுகுண்டு வாங்கி வந்திருந்தார்கள். தாத்தாவுக்கு வெடி என்றால் உயிராயிற்றே. அவ்வளவு பிரியத்தோடு வாங்கி வந்திருந்தார்கள்.

அண்ணியைத் தனியாக அழைத்துச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்னதை எல்லாம் சொன்னேன்.

"இன்னா பேசுற நீ? எங்க நைனா எல்லையில குண்டுக்கு நடுவுல நின்னவரு. வெடிக்குப் பயந்தாருன்னு ஊர்ல சொல்லப் போறியா?"

"பயம்னு சொல்லல அண்ணி."

"பின்ன இன்னா? ஊமைப் பொணமாத் தூக்கினு போவச் சொல்றியா? அவருக்கு நாங்க செய்யக் கூடாதா? நேத்து வந்தவ நீ, உன்னாண்ட சொல்லிட்டு எங்களாண்ட சொல்லாம போயிட்டாரா?"

உங்கள் மகனிடம் போனேன். அவர் மொட்டை அடிக்க உட்கார்ந்திருந்தார். கேட்டுவிட்டு, "என்னாண்ட ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டார். மகள் கேட்டதும் அதுதான், மகன் கேட்டதும் அதுதான். நீங்கள் பெற்ற பிள்ளைகளுக்கு அது வலிக்காமல் எப்படி இருக்கும்? "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா இத்தினி பேரை நான் எப்டி நிறுத்துவேன்?" என்றார்.

இதில் இன்னொரு கஷ்டமும் இருந்தது. பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் சுடுகாடு வரை ஆண்கள் பாடு. வீட்டு வாசலில் நான் எவ்வளவு கத்தினாலும் முனை தாண்டியதும் என் பேச்சு செல்லாது. ரோட்டில் இறங்கியதும் அவர்கள் கொளுத்தினால், நான் அங்கிருந்து கேட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டும். நீங்கள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதைக்கூட முனை வரைக்கும்தான் என்னால் கொண்டுவர முடியும்.

உங்களைத் தூக்கினார்கள். மேளம் காதைப் பிளந்தது. நான் பாடையின் பக்கத்திலேயே நடந்தேன். முனைக்கு வந்ததும் பாடையை இறக்கித் திசை திருப்புவதற்காக நிறுத்தினார்கள். அப்போது பசங்களில் யாரோ ஒருவன் முன்னால் ஓடி ஒரு அணுகுண்டை வைத்துவிட்டான். தடுக்க நேரமே இல்லை.

டீக்கடை பெஞ்சில் இருந்த கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுத்தன. மேளக்காரர்கள் ஒரு நொடி கையை நிறுத்தினார்கள். புகை.

அந்த ஒரு நொடியில் நான் அண்ணியைப் பார்த்தேன், மாமா. அவர் பாடையின் பக்கம் திரும்பியிருந்தார். அழுதுகொண்டிருந்தவர் அழுகையை நிறுத்திவிட்டு, வாயைப் பாதி திறந்தபடி, உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறு பெண்ணாக இருந்த நாள் முதல் ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் கேட்ட குரலுக்காகக் காத்திருந்தார். பதில் அவர் வாயில் தயாராக இருந்தது. கூப்பிடத்தான் ஆள் இல்லை.

எனக்கு என்ன தோன்றியதோ, கூப்பிட்டேன். உங்களைப் போலவே இழுத்து.

"செல்வீ."

"கீறேன் நைனா" என்றார் அண்ணி. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"குமாரு."

பாடைக்கு முன்னால் தீச்சட்டியோடு நின்ற உங்கள் மகன் திரும்பாமலே, "கீறேன்" என்றார்.

"தீபா." என் முதுகுக்குப் பின்னால் இருந்து பதில் வந்தது. "டில்லி." தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவன் அவன்தான். "கீறேங்க்கா" என்றான். "ரெஜினா." இடுப்பில் குழந்தையோடு கூட்டத்தில் நின்றிருந்தாள், கை தூக்கினாள். எனக்கு ஞாபகம் வந்த பெயரை எல்லாம் கூப்பிட்டேன். மேளக்காரர்கள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அண்ணி ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். "வெளாட்டுன்னு நென்ச்சேனே. இத்தினி வருசம் வெளாட்டுன்னு இல்ல நென்ச்சேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவரே, மூக்கைச் சிந்திக்கொண்டு, "டில்லி, அந்தப் பெட்டியை எட்த்தாந்து எங்களாண்ட குட்த்துட்டுப் போ. பையையும் குடு. ஒரு வெடி வெடிச்சுது, கைய உட்ச்சிருவேன்" என்றார். மாப்பிள்ளை, பெண் வீட்டு மரியாதை அது இது என்று ஏதோ முனகினார். அண்ணி பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார்.

பாடை முனை தாண்டியது. நானும் அண்ணியும் டீக்கடை ஓரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். பெண்களெல்லாம் தலை முழுக வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள், நாங்கள் நகரவில்லை. மேளம் தூரம் போய்க்கொண்டே இருந்தது. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. ஒவ்வொரு சத்தத்துக்கும் அண்ணி என் கையை இறுக்கினார். நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. மேளமும் கேட்காமல் போனது. வெடி கேட்கவே இல்லை, மாமா. சுடுகாடு வரைக்கும் கேட்கவில்லை. அன்றைக்கு நான் எத்தனை களைத்திருந்தேன் என்றால், நிம்மதிப்படக்கூடத் தெம்பில்லாமல் வெடிப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

உங்கள் மகன் அதன் பிறகு ஒருமுறைதான் அந்தப் பேச்சை எடுத்தார். "நான் கேட்டதே இல்ல. அதான் சொல்லல போல" என்றார். நான் சோறு போட்டேன்.

இந்த மடலைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்துபோய் டில்லியைக் கூப்பிட்டேன். சரத்தைக் கொடுத்துவிட்டேன். மொட்டை மாடியில் காயப் போட்டிருக்கிறான். நாளை தீபாவளி, சாயங்காலம் வாசலில் கொளுத்தட்டும். ஊர்வலத்தில்தான் நீங்கள் வேண்டாம் என்றீர்கள். தீபாவளிக்கு வேண்டாம் என்று என்றைக்கும் சொன்னதில்லை. "கொளுத்துறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு குரல் குடு, சேர் போட்டு உக்காரணும்" என்று சொல்லியிருக்கிறேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை.

இப்போது சாயங்காலம். மணலி புதுநகரிலிருந்து அண்ணி போன் செய்தார். "கலா, இங்க இப்பவே காது கியியுது. போன வருசம் யாரும் கூப்டாம எனுக்கு ஒரு மாரியா ஆயிடுச்சி. இந்த வாட்டி நீ கூப்டு."

"நான் எப்டி அண்ணி?"

"அன்னிக்கு முனையில கூப்டல்ல, அப்டியேதான். போனை வெக்காத. இப்ப எவனாவது ஒருத்தன் வெப்பான் பாரு."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. எதிர்வீட்டு வாசலில் ஒன்று வெடித்தது, ஜன்னல் கம்பி அதிர்ந்தது. நான் உங்கள் சேரில் உட்கார்ந்திருந்தேன். விரல்கள் தாமாகவே கைப்பிடியைப் பிடித்திருந்ததைப் பார்த்தேன்.

"செல்வீ" என்றேன் போனில்.

"கீறேன்."

"குமாரு."

குளியலறையிலிருந்து, "கீறேன், கீறேன்."

"தீபா."

"கீறேம்மா, மாடியில கீறேன்."

அவ்வளவுதான். பெயர் தீர்ந்துவிட்டது. எத்தனையோ வருடப் பழக்கம், என் பெயர் கடைசியில் வரும் என்று ஒரு நொடி காத்திருந்தேன். புகை வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. போனில் அண்ணியும் காத்திருந்தார். கூப்பிடுகிறவரின் குரல் வந்தால் அவர் இருக்கிறார் என்றுதான் அர்த்தம் என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. அது உங்களுக்குப் போதுமானதாக இருந்ததா மாமா? எனக்குப் போதவில்லை. அதனால் இந்தக் காகிதத்திலாவது சொல்லிவிடுகிறேன். கால் வீங்கிக் கிடக்கிறது, மாவு அரைக்க வேண்டும், நாளை மறுநாள் மறுபடியும் கம்பெனி.

கீறேன் மாமா.